நடுவில் உட்கார்ந்திருந்தவர்

சிவனம்மாளுக்கு அப்பன் பெயர் உண்டு, அப்பன் வழிச் சொந்தம் உண்டு, அப்பனுடைய நிலத்தைச் சாப்பிட்டு ஏப்பம் விட்ட பங்காளிகளும் உண்டு. அப்பனுடைய முகம்தான் கிடையாது. ஆண்டிச்சாமி பட்டாளத்துக்கு ரயில் ஏறியபோது அவள் ஆத்தாள் பெருமாயியின் வயிற்றில் இருந்தாள். அவள் பிறந்து தொட்டிலில் கிடக்கும்போதே, பர்மாவில் ஆள் போய்விட்டான் என்று சேதி வந்துவிட்டது. ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் அந்தச் சின்ன ஊரில் பர்மா எந்தத் திக்கில் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. ஜப்பான்காரன் குண்டு போட்டான் என்றால் அவர்களுக்குப் புரியாது. பிள்ளை பிறந்தது, அப்பன் செத்தான் என்றால் நன்றாகப் புரியும். ‘அப்பனை முழுங்கினவ’ என்ற பெயர் சிவனம்மாளுக்குக் காது குத்தும் முன்பே வந்து ஒட்டிக்கொண்டது.

ஆண்டிச்சாமி சாவதற்கு முன்னால், லீவில் வந்த யாரோ ஒருவனிடம் ஒரு போட்டோ கொடுத்தனுப்பியிருந்தான். பெருமாயி அதைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தாள். அமாவாசை வந்தால் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, சந்தனம் இழைத்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிடுவாள். கதவிடுக்கு வழியாகச் சந்தன வாசமும் சூட வாசமும் வரும். மகளுக்கு உள்ளே இடமில்லை. கோடாங்கி உடுக்கடித்துச் சொல்லியிருந்தான்: “ஒம் புருசன் புள்ள மேல ஆங்காரமா நிக்கிறான். அவன் கண்ணுல இதக் காட்டிராத, உசுருக்கு ஆகாது.” பெற்றவள் பயந்துவிட்டாள். பயம் வந்த இடத்தில் புத்திக்கு என்ன வேலை? மகளைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அவள் கதவைச் சாத்தினாள். சிவனம்மாள் ஒரு தடவை இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். தெரிந்தது ஆத்தாளின் ஈர முதுகு மட்டும். அதற்கே விளக்குமாற்றால் அடி வாங்கினாள்.

அவளை அய்யலூரில் ஆட்டு யாவாரி சோலைமலைக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஆத்தாள் செத்ததும் பங்காளிகள் வீட்டைப் பூட்டிக்கொண்டார்கள். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குத் தகரப் பெட்டிகூடச் சேராது என்று சித்தப்பா சட்டம் பேசினார். இழவு வீட்டில் நின்று சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை. வெறுங்கையோடு பஸ் ஏறினாள்.

தொண்ணூற்றாறில் சித்தப்பா மகன் மதியழகன் ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி கட்டினான். பரணிலிருந்து இறங்கிய சாமான்களில் அந்தப் பெட்டியும் இருந்தது. மதியழகனை ஒரு விஷயத்தில் மெச்ச வேண்டும். எந்தப் பொருள் பிற்பாடு உதவும் என்று அவனுக்கு மூக்கில் வியர்க்கும். பெட்டியைத் தூக்கிக் குப்பையில் போடாமல் அக்காளுக்கு ஆள் விட்டான்.

சிவனம்மாளும் சோலைமலையும் போனார்கள். தடித்த அட்டையில் கஞ்சிப் பசை போட்டு ஒட்டிய படம். சட்டமும் இல்லை, கண்ணாடியும் இல்லை. பட்டாளத்து ஆட்கள் இரண்டு வரிசையாக இருந்தார்கள். முன்வரிசை உட்கார்ந்திருந்தது, பின்வரிசை நின்றது. ஒவ்வொரு முகமும் புளியங்கொட்டை அளவுக்குத்தான் இருந்தது. படம் அங்கங்கே போய்விட்டிருந்தது. ஒருவனுக்குக் கால் இல்லை, ஒரு மூலையில் கூடாரம் இல்லை, பின்வரிசைக் கடைசியில் நின்றவனுக்கு முகம் இல்லை.

“பூச்சி அரிச்சுருச்சு,” என்றான் மதியழகன். “நல்ல வேளை, ஓரத்தோட போச்சு.”

“இதுல யாருடா எங்கய்யா?” என்று கேட்டாள் சிவனம்மாள். ஐம்பத்துச் சொச்சம் வயதில் பெற்றவனை அடையாளம் கேட்பது அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஆண்டிச்சாமியை உயிரோடு பார்த்தவர்கள் ஊரில் ஒருவரும் மிச்சமில்லை.

மதியழகன் யோசிக்கவே இல்லை. முன்வரிசையில் நட்டநடுவில், கையில் மூன்று பட்டையும் முறுக்கிய மீசையுமாக உட்கார்ந்திருந்தவரைத் தொட்டான். “இவருதான்க்கா பெரியப்பா. கல்யாண போட்டோவுல மாப்பிள்ள எங்க இருப்பாரு? நடுவுலதான இருப்பாரு? படத்த வீட்டுக்கு அனுப்புனவரு ஓரத்துலயா போய் நிப்பாரு? மீசையப் பாரு, அப்படியே என்னைய மாதிரி.”

பேச்சு நியாயமாகத்தான் பட்டது. போட்டோ எடுத்தால் வீட்டுக்காரன் நடுவில், விருந்தாளி ஓரத்தில் என்றுதான் அந்தப் பக்கத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். பட்டாளத்தில் ஹவில்தார்தான் நடுவில் உட்காருவான் என்பதும், சாதாரணச் சிப்பாய் ஒதுங்கின இடத்தில் நிற்பான் என்பதும் அவர்களுக்கு எங்கே தெரியும்?

சோலைமலை மட்டும் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “காது சேரலையே புள்ள. ஒனக்கு ஒட்டுன காது, இந்தாளுக்குத் தொங்குது,” என்றார்.

“ஆட்டுக்குப் பல்லுப் பாக்குற மாதிரி எங்கய்யாவுக்குக் காது பாக்காதீங்க,” என்று அவள் சீறினாள். பசித்தவளிடம் போய் இலையில் ஓட்டை என்று சொன்னால் கோபம் வராதா?

திண்டுக்கல்லில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கினார்கள். ஸ்டுடியோக்காரர் உதட்டுக்குச் சிவப்பும் சட்டைக்குப் பச்சையும் தீட்டிக் கொடுத்தார். மதியழகனுக்கு ஒன்று, அக்காளுக்கு ஒன்று. பழைய படத்தை மதியழகனே பீரோவில் வைத்துக்கொண்டான். சிவனம்மாள் கண்ணாடி போட்ட தன் படத்தைப் பேப்பரில் சுற்றி, பஸ்ஸில் மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு வந்தாள். வடமதுரை தாண்டும்போது பேப்பரை ஓரமாய்க் கிழித்து ஒரு கண்ணை மட்டும் பார்த்தாள். ஆங்காரம் எதுவும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு பத்து வருஷம் அவளுக்கு ஒரு அப்பன் இருந்தான். அமாவாசைக்கு அமாவாசை கண்ணாடி மேல் சந்தனப் பொட்டு வைத்து, அதற்கு மேல் குங்குமம் வைப்பாள். கறிக்குழம்பும் வெஞ்சனமும் படைத்து, பட்டாளத்துக்காரர் ஆச்சே என்று ஒரு குவார்ட்டர் பாட்டிலும் சுருட்டும் வைப்பாள். பாட்டில் மறுநாள் சோலைமலைக்கு. இதில் அவருக்கு மாமனார் மேல் பக்தி கூடிவிட்டது, காதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். ஆள் இல்லாத நேரத்தில் சிவனம்மாள் படத்தின் முன்னால் உட்கார்ந்து பேசுவாள். எல்லாப் பேச்சும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: “நான் பொறந்ததுனாலயாய்யா நீங்க போனீக? என் மேல கோவமா?” படத்தில் இருந்தவர் மீசையை முறுக்கிக்கொண்டு சும்மா இருப்பார்.

இரண்டாயிரத்து ஆறில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. மதியழகன் தலைவருக்கு நின்றான். சொல்லிக்கொள்ள அவன் செய்த நல்ல காரியம் ஒன்றும் கைவசம் இல்லாததால் பெரியப்பாவைக் கையில் எடுத்தான். பழனி ரோட்டில், பஸ் நிற்கும் இடத்தில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு பிளக்ஸ் எழும்பியது. ஒரு பக்கம் கைகூப்பிய மதியழகன். இன்னொரு பக்கம் மீசைக்காரர், நெஞ்சில் அவர் வாங்காத பதக்கமெல்லாம் குத்தியிருந்தது. ‘பர்மாப் போரில் இன்னுயிர் ஈந்த மாவீரர் ஆண்டிச்சாமியின் வாரிசுக்கே உங்கள் வாக்கு’ என்று கீழே கொட்டை எழுத்து.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. அய்யலூருக்குப் போன் வந்தது. “அக்கா, ஒடனே கெளம்பி வா. திண்டுக்கல்லுல இருந்து ஒரு டீச்சரம்மா வந்து நம்ம பெரியப்பாவத் தன்னோட தாத்தாங்குது. நீ பெத்த மக. நீ வந்து ஒரு வார்த்தை சொன்னாத்தான் வாய மூடும்.”

சிவனம்மாள் போனபோது மதியழகன் வீட்டு ஹாலில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் ஜெஸ்ஸி. முப்பது வயதிருக்கும். ரெட்டியார்சத்திரம் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் பஸ்ஸில் வருகிறவள், இறங்குகிற இடத்திலேயே பிளக்ஸைப் பார்த்திருக்கிறாள். சுற்றிலும் மதியழகனுடைய ஆட்கள் நின்றார்கள். அவள் மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

“அம்மா, எனக்கு யார்கூடயும் சண்டை இல்ல,” என்றாள் ஜெஸ்ஸி. “அது எங்க தாத்தா. ஹவில்தார் கஸ்பார். சண்டையில சாகல. திரும்பி வந்து, கல்யாணம் பண்ணி, ஏழு பிள்ள பெத்து, நான் மூணாங்கிளாஸ் படிக்கும்போதுதான் இறந்தார். திண்டுக்கல்லுலதான் கல்லறை இருக்கு.”

கைப்பையிலிருந்து இரண்டு போட்டோக்களை எடுத்து நீட்டினாள். ஒன்று மாதா கோயில் வாசலில் எடுத்த கல்யாணப் படம். இன்னொன்றில் நரைத்த மீசையோடு ஒரு கிழவர் பேத்தியை மடியில் வைத்திருந்தார். சிவனம்மாள் வாங்கிப் பார்த்தாள். பத்து வருஷம் தினமும் பார்த்த முகத்தை அவளுக்கா தெரியாது? அதே புருவம், அதே தொங்கின காது. அவளுடைய அப்பன் அவளுக்குத் தெரியாமல் வயதாகி, எவள் பிள்ளையையோ மடியில் வைத்துக்கொண்டு சிரித்தான்.

“சொல்லுக்கா,” என்றான் மதியழகன். “எங்கய்யாதான்னு சொல்லு. ஊரு கேக்குதுல்ல.”

சொல்லிவிடலாம். சொன்னால் பொழுது சாயும்போது தன் வீட்டுக்குப் போய் அதே படத்துக்கு விளக்கேற்றலாம். சொல்லாவிட்டால் அறுபது தாண்டிய வயதில் மறுபடியும் முகமில்லாத அப்பனுக்கு மகளாக வேண்டும். அவள் அந்தக் கிழவரின் மடியில் இருந்த சின்னப் பெண்ணைப் பார்த்தாள், எதிரில் இருந்த ஜெஸ்ஸியைப் பார்த்தாள்.

“இது இவுக தாத்தாதான்,” என்றாள்.

மதியழகன் முகம் கறுத்துப்போய் வெளியே எழுந்து போனான். அவனுடைய ஆட்களும் பின்னாலேயே போனார்கள். பெண்கள் இருவரும் மட்டும் இருந்தார்கள்.

“பத்து வருசமா ஒங்க தாத்தாவுக்குச் சுருட்டும் சாராயமும் படைச்சிருக்கேன் தாயி,” என்றாள் சிவனம்மாள்.

“அவர் காப்பிகூடக் குடிக்க மாட்டாரும்மா,” என்றாள் ஜெஸ்ஸி. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். வரவில்லை.

சிவனம்மாளுக்குத்தான் திடீரென்று ஒரு நினைப்பு வந்தது. “தாயி, இந்த மாதிரி எல்லாரும் சேந்து நிக்கிற படம் ஒங்க வீட்டுல இருக்குமே. அதுல பூச்சி அரிச்சிருக்காதுல்ல?”

“இருந்துச்சும்மா. தாத்தா இறந்தப்போ கல்லறைக் கல்லுல பதிக்கிறதுக்காக, அவர மட்டும் கத்தரிச்சு எடுத்துட்டாங்க. மீதியை அப்பவே தூக்கிப் போட்டாச்சு. யாரு எவரோ, நமக்கெதுக்குன்னு.” சொல்லிவிட்டு ஜெஸ்ஸி தலையைக் குனிந்துகொண்டாள். சிவனம்மாள் அவளைக் குறை சொல்லவில்லை. அவரவர் செத்தவர் அவரவருக்குப் பெரிசு.

“ஆனா தாத்தா அந்தப் படத்தக் காட்டிக் கதை சொல்லுவார்,” என்றாள் ஜெஸ்ஸி, எதையாவது கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்பது போல. “ரெட்டியார்சத்திரத்துக்காரர் ஒருத்தர், பேரு ஞாபகமில்ல. ஊர்ல பொண்ணு பொறந்திருக்குன்னு சேதி வந்ததாம். அங்க மிட்டாய்க்கு எங்க போறது? டீக்குன்னு குடுக்குற சீனியப் போட்டுக் குடிக்காம சேத்து வச்சு, எல்லார் கையிலயும் ஆளுக்கு ஒரு சிட்டிகை போட்டாராம். எம்மக பொறந்திருக்கா, வாயத் தொறங்கன்னு, எங்க தாத்தாவுக்கு வாயிலயே போட்டாராம். அடுத்த மாசம் அவர் இறந்துட்டாருன்னு சொல்லும்போது தாத்தாவுக்குக் கண்ணு கலங்கும்.”

சீனி போட்டவன் ஆங்காரமாக நின்றானாம். அந்தக் கோடாங்கி செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்திருந்தால் சிவனம்மாள் அன்றைக்கு அவன் உடுக்கையைப் பிடுங்கி அவன் தலையிலேயே உடைத்திருப்பாள்.

அவள் கிளம்பும்போது மதியழகன் பீரோவிலிருந்த பழைய படத்தைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்தான். “இதையும் நீயே எடுத்துட்டுப் போ. இது இங்க கெடந்தா எவனாவது தேடி வருவான். ஒன்னையப் போயி சாட்சிக்குக் கூப்பிட்டேன் பாரு, என் புத்திய செருப்பால அடிக்கணும். அப்பன முழுங்குனவளுக்குத் தம்பி எம்மாத்திரம்?”

இரண்டே நாளில் பிளக்ஸ் மாறியது. பட்டாளத்து உடுப்பும் தொப்பியும் பதக்கமும் அப்படியே இருந்தன. கஸ்பாரின் முகம் இருந்த இடத்தில் மதியழகனுடைய முகத்தையே கறுப்பு வெள்ளையாக்கிப் பொருத்தியிருந்தார்கள். ‘பெரியப்பா ஜாடை எனக்குத்தானே’ என்று அவன் கேட்டதாகச் சொன்னார்கள். ஊரும் அண்ணாந்து பார்த்துவிட்டு, அடடா, அச்சு அசல் மதியழகன் மாதிரியே இருக்கிறாரே மாவீரர் என்றது. அடுத்த மாதம் ஜெயித்தும்விட்டான். ஆண்டிச்சாமிக்கு ஊரில் இன்றைக்கு வரைக்கும் அந்த முகம்தான்.

புரட்டாசி அமாவாசை அன்று சிவனம்மாள் பழக்கம் மாறாமல் குளித்து, சந்தனம் இழைத்துவிட்டாள். இழைத்த பிறகுதான் யாருக்கு என்று யோசித்தாள். சுவரில் கஸ்பார் இருந்தார். ஜெஸ்ஸியிடம் கொடுத்துவிடலாம் என்று இறக்கினாள். அடுத்தவர் வீட்டுத் தாத்தாவைப் பொட்டும் பூவுமாக அனுப்பக் கூடாது என்று ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்தாள். பத்து வருஷத்துப் பொட்டு ஒரே துடைப்பில் வந்துவிட்டது. உள்ளே ஹவில்தாரின் நெற்றி அன்று தீட்டிய மாதிரியே பளிச்சென்று இருந்தது. கண்ணாடி காப்பாற்றியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

நினைத்த கையோடு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஆத்தாள் வைத்திருந்த படத்துக்குக் கண்ணாடி கிடையாது.

அலமாரியிலிருந்து பழைய படத்தை எடுத்து வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள். கூடார மூலையும் ஒருவனுடைய காலும் பூச்சி அரித்தவைதான், ஓரம் கன்னாபின்னாவென்று பிய்ந்திருந்தது. பின்வரிசைக் கடைசி ஆளின் முகம் அப்படிப் போகவில்லை. வட்டமாகப் போயிருந்தது. வட்டத்தின் விளிம்பில் மஞ்சளாய் ஒரு கறை, மஞ்சளுக்குள் கொஞ்சம் சிவப்பு. அவள் தன் மோதிர விரலை அதன் மேல் மெதுவாக வைத்தாள். பொட்டு வைக்கிற விரல். வட்டம் விரல் நுனிக்குச் சரியாக இருந்தது.

புளியங்கொட்டை அளவு முகத்தில் நெற்றி ஏது, கன்னம் ஏது? விரலை வைத்தால் முகம் முழுக்கச் சந்தனம்தான். ஈரச் சந்தனம், அதன் மேல் குங்குமம், காய்ந்ததும் துடைப்பது, அடுத்த அமாவாசைக்கு மறுபடியும் ஈரம். ஆள் செத்த நாளிலிருந்து தான் சாகிற வரைக்கும் பெருமாயி ஓர் அமாவாசை தவறியதில்லை. இத்தனை பேரில் தன் புருஷனை அவள் ஒருத்திதான் சரியாக அடையாளம் கண்டு வைத்திருந்தாள். கண்டு, கும்பிட்டு, கும்பிட்டே அழித்திருக்கிறாள்.

சோலைமலை சந்தைக்குப் போய்விட்டுப் பசியோடு வந்தார். “என்னா புள்ள, படையல் போடலியா?”

“எங்கய்யாவக் கண்டுபிடிச்சுட்டேன்.”

அவர் குனிந்து அவள் விரல் இருந்த இடத்தைப் பார்த்தார். அவள் விரலை எடுத்தாள். அவர் இன்னும் கிட்டே போய்ப் பார்த்தார். “இங்க ஒண்ணுமில்லையே.”

“ஆமா. அதான் எங்கய்யா.”

சோலைமலைக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சிவனம்மாள் அழவில்லை. கதவுக்கு வெளியே நின்ற சிறுமியின் குரலில்லை அது, விளக்குமாற்றை ஓங்கியவளின் குரல்தான் அவளுக்கு வந்தது.

“என்னையத்தான முழுங்குனவன்னு ஊரெல்லாம் சொன்னீக. வருசக்கணக்கா கதவச் சாத்திக்கிட்டு நீயில்ல ஆத்தா முழுங்கியிருக்க. கண்ணு, மூக்கு, காது ஒண்ணு விடாம. எனக்குக் கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கக் கூடாதா?”

இழைத்த சந்தனம் கிண்ணத்திலேயே காய்ந்து வெடித்தது. அந்த அமாவாசைக்கு அவள் யாருக்கும் பொட்டு வைக்கவில்லை.